துளைப்பான் தூங்கும் நேரம்

ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

வண்டு எழுதுகிறேன். நான் சுகம். கணக்கு டீச்சரும் சுகம். பள்ளிக்கூடத்தில் மிஞ்சிய கோபத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து புருஷனாகிய என்னிடம் செலவழிக்கிறாள். நாய்க்குத் தொந்தி விழுந்துவிட்டது. உன் இருமல் விட்டதா? போன கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மறந்தாயா, மறைத்தாயா?

இதை ஃபோனில் கேட்டிருக்கலாம்தான். ஆனால் கதிரடிக்கும் மெஷின் என் காதை மந்தமாக்கிய நாளிலிருந்து நீ ஃபோனில் என்ன சொன்னாலும் "சரிக்கா" என்று சொல்லிவிட்டு, எதற்குச் சரி என்றோம் என்று இரண்டு நாள் முழிக்கிறேன். எழுத்து என்றால் திரும்பத் திரும்பப் படிக்கலாம்.

விஷயம் இதுதான். நம் வீட்டுக்குக் கீழே இருக்கும் பல் டாக்டரின் வயலைக் குத்தகைக்குக் கேட்டிருந்தேன். ஒருவழியாக மனம் இரங்கினார். "இந்த வருஷம் மக்காச்சோளம் போட்டுக் காட்டு. நல்லா வந்தா அஞ்சு வருஷத்துக்கு உனக்கே. இல்லேன்னா கார் நிறுத்துற இடமா மாத்திடுவேன்" என்றார். அந்த வயல் கிடைத்தால் நான் ஊரோடு இருப்பேன். கிடைக்காவிட்டால் பழையபடி லாரிதான். மாதத்தில் பாதி நாள் வீட்டில் தலை காட்ட முடியாத அந்தப் பிழைப்பு உனக்குத் தெரியும்.

கீழ்வயலில் ஈரம் காய ஜூலை ஆகிவிடும். தாமதமாகப் போட்ட சோளம் தண்டுத் துளைப்பானுக்கு விருந்து என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். மருந்து அடிக்கவும் வழியில்லை. டாக்டர் வரப்போரம் தேனீப் பெட்டி வைத்திருக்கிறார். "என் தேனீ செத்தா நீ செத்தே" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் சிரித்துக்கொண்டேதான் பல்லையும் பிடுங்குவார்.

புழுவோடு குடித்தனம் நடத்துகிறவள் நீ. சொல், விதைக்கட்டுமா?

எப்போது வருகிறாய்? மூன்று வருடம் ஆகிறது.

உன்
வண்டு

ஜூன் 16

அன்புத் தம்பிக்கு,

இருமல் போயே போய்விட்டது. மறைக்கவில்லை, மறந்தேன். டீச்சரிடம் கோபத்தைக் கொஞ்சம் எனக்கும் மிச்சம் வைக்கச் சொல்.

நீ கேட்டதுதான் என் தினசரி வேலை. எங்கள் ஆய்வகத்தில் குளிர்சாதனப் பெட்டி மாதிரி வரிசையாகப் பெட்டிகள். ஒவ்வொன்றுக்குள்ளும் தனி விளக்கு, தனி விடியல். ஒன்றில் ஜூன் மாதம், பக்கத்தில் அக்டோபர். காலையில் ஜூனுக்குள் கையை விட்டுத் தீனி வைத்துவிட்டு அக்டோபரைத் திறக்கிறேன். எல்லாம் உன் துளைப்பானுக்காக.

அந்தப் புழு குளிரைப் பார்த்துத் தூங்குவதில்லை. குளிர் இன்று வரும், நாளை போகும், அதை நம்பினால் மோசம் போய்விடும். அது நம்புவது பகலின் நீளத்தை. அதன் தலைக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. நமக்குள்ளும் ஓடுகிறது, பரீட்சை அன்றைக்கு மட்டும் உனக்கு ஓடாது. கோடை முடிந்து பகல் ஒரு அளவுக்குக் கீழே குறுகியதும், முதிர்ந்த புழு கூடு கட்டி அந்துப்பூச்சியாக மாறாமல், தண்டுக்குள்ளேயே சுருண்டு படுத்து வசந்தத்தில்தான் விழிக்கும். எந்த அளவில் படுப்பது என்பது ஊருக்கு ஊர் வேறு. குளிர் முந்தும் எங்கள் வடக்கில் ஆகஸ்ட் தொடக்கத்திலேயே படுத்துவிடும். உங்கள் பக்கம் ஆகஸ்ட் கடைசி. அந்தக் கடிகாரத்தை ஓட்டும் மரபணுக்களில் இரண்டு, அந்தந்த ஊரின் பருவத்துக்குத் தக்கபடி வேறு வேறு வடிவத்தில் இருக்கின்றன.

உங்கள் பகுதிக்கு எங்களிடம் அட்டவணையே இருக்கிறது. உன் ஜூலைச் சோளம் கதிர் விடும்போது செப்டம்பர் வந்துவிடும். அதற்குள் புழுவெல்லாம் படுத்திருக்கும். முட்டையிட அந்துப்பூச்சியே இருக்காது. மருந்தும் வேண்டாம், பயமும் வேண்டாம். தைரியமாக விதை.

வருவதைப் பற்றி: வசந்தத்தில் பார்க்கலாம்.

அன்புடன்
அக்கா

ஜூலை 20

அன்புள்ள அக்காவுக்கு,

விதைத்தாயிற்று. முளையும் வந்துவிட்டது. நலமாக இருக்கிறோம், அதிலும் நான் ரொம்ப நலம், உன் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன். யாராவது "புழு வரும்" என்று வாயைத் திறந்தால் எடுத்து வாசித்துக் காட்டுகிறேன். ஊரில் என்னைப் பார்த்தால் இப்போது ஓடுகிறார்கள்.

டீச்சர் மட்டும் ஓடவில்லை. "அக்கா சொன்னா கிணத்துல குதிப்பீங்களா?" என்றாள். "ஆழம் எவ்வளவுன்னு அக்கா சொல்லியிருப்பா" என்றேன்.

நான் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தபோது நீ சொன்ன பொய்யை அவளிடம் சொன்னேன். நான் உள்ளே வந்து உட்கார்ந்தால்தான் மணி அடிப்பார்கள், நான் தாமதித்தால் பள்ளிக்கூடம் மொத்தமும் காத்துக்கிடக்கும் என்றாயே! எத்தனை பேருடைய படிப்பு என் தலையில் என்ற பயத்தில் மூன்று வருடம் மூச்சிரைக்க ஓடினேன். டீச்சர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "அப்போ அக்கா சொல்றதெல்லாம் உண்மைன்னு எப்படி நம்புறீங்க?" என்று கேட்டாள். கணக்கு டீச்சர் இல்லையா, அவளுக்கு எல்லாவற்றுக்கும் விடை வேண்டும்.

எப்போது வருகிறாய்?

உன்
வண்டு

ஆகஸ்ட் 14

அன்புத் தம்பிக்கு,

டீச்சர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஆனால் நீ தினமும் நேரத்துக்குப் பள்ளிக்கூடம் போனாயா இல்லையா? அதைச் சொல் அவளிடம்.

நான் சௌக்கியம். அறை ஜன்னலுக்கு வெளியே பஸ் டெப்போ மதில், அதற்கு மேலே ஒரு முழம் வானம், அவ்வளவுதான் என் உலகம். வருகிறேன் வருகிறேன் என்று நானும் மூன்று வருடமாகச் சொல்கிறேன். புழுவுக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாதே. ஒரு நாள் தீனி தவறினால் ஒரு வருட வேலை போச்சு.

ஒரு உதவி செய். இத்துடன் ஓட்டை போட்ட தகர டப்பாக்களும் அனுமதிச் சீட்டும் அனுப்புகிறேன். செப்டம்பர் கடைசியில், மேட்டில் இருக்கும் மேல்வயலில் முன்பே விதைத்து அறுத்துவிட்ட சோளத்தின் அடித்தண்டைப் பிளந்து, தூங்கும் புழுக்களை எடுத்து அனுப்பு. உங்கள் பக்கத்துப் புழு எங்களிடம் இல்லவே இல்லை. பழைய அட்டவணைதான் இருக்கிறது. வடக்குப் புழுவோடு வைத்துக் கடிகார மரபணுக்களை ஒப்பிட வேண்டும். குழந்தைகளை ரயிலேற்றுகிற மாதிரி பத்திரமாக அனுப்பு.

நாயை நடக்க வை.

அன்புடன்
அக்கா

செப்டம்பர் 10

அன்புள்ள அக்காவுக்கு,

டப்பாக்கள் வந்தன. நாய் ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டது, மற்றவை பத்திரம். இங்கே யாருக்கும் ஒரு குறையும் இல்லை.

சோளம் என் தோள் உயரம். பல் டாக்டர் ஞாயிறுதோறும் வந்து வரப்பில் நின்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கிற மாதிரியே வரிசை வரிசையாகப் பார்க்கிறார். "சொத்தை ஒண்ணும் தெரியலை" என்றார். அவர் வாயால் இதைவிடப் பெரிய பாராட்டு வராது.

இன்னும் குளிரே இல்லை, சட்டை பட்டனைத் திறந்துவிட்டுக்கொண்டு அலைகிறோம். நேற்று விளக்கேற்றியதும் ஜன்னலில் மஞ்சள் நிறத்தில் அந்துப்பூச்சிகள் மோதின. டீச்சர் ஒன்றைப் பிடித்து, "இது அதுதானே?" என்றாள். "அதெல்லாம் தூங்கப் போயாச்சு, இது வேற" என்றேன். வேறுதானே?

வசந்தம் என்றால் எந்த மாதம்? மாதத்தைச் சொல்.

உன்
வண்டு

செப்டம்பர் 22

அன்புத் தம்பிக்கு,

அவசரத்தில் எழுதுகிறேன், கோபிக்காதே. உடம்புக்கு ஒன்றுமில்லை, வேலைதான் கழுத்தைப் பிடிக்கிறது.

விளக்கில் மோதுவதெல்லாம் துளைப்பான் ஆகாது. மஞ்சளாக ஆயிரம் பூச்சி உண்டு. இந்தத் தேதியில் உங்கள் பக்கம் அது பறக்க வழியே இல்லை. டீச்சரை நிம்மதியாகத் தூங்கச் சொல்.

புழுக்களை மறக்காதே.

அக்கா

அக்டோபர் 19

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். டீச்சரும் நலம்.

நீ கேட்டபடி புழுக்களை அனுப்பியிருக்கிறேன். மேல்வயல் அடித்தண்டில் எடுத்தவை. டப்பாவுக்குள் தண்டுத் துண்டும் வைத்திருக்கிறேன், வழியில் பசித்தால் தின்னட்டும்.

கீழ்வயல் பரவாயில்லை. டாக்டர் வந்துபோனார். போன வாரம் காற்று பலமாக அடித்தது. லாரி ஓட்டுகிற உரிமத்தைச் சும்மா புதுப்பித்துவைத்தேன், காலாவதியானால் திரும்ப வாங்குவது கஷ்டம். நாய் இளைத்திருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள். அங்கே குளிர் தொடங்கியிருக்கும்.

வண்டு

நவம்பர் 4

அன்புத் தம்பிக்கு,

குழந்தைகள் வந்து சேர்ந்தன, எல்லாம் உயிரோடு. உன் கை ராசியான கை. ஆனால் பாதிக்கு மேல் ரொம்பச் சின்னது. பிரயாணத்தில் இளைத்துவிட்டன போல. தீனி வைத்து, ஆகஸ்ட் கடைசிப் பகல் ஓடும் பெட்டியில் போட்டிருக்கிறேன். நன்றாகத் தின்று முதிர்ந்ததும் தூங்கும், அப்புறம் மரபணுவைப் பார்க்கலாம்.

நீ எழுதிய கடிதம் உன் கடிதம் மாதிரியே இல்லை. டாக்டர் வந்தார் என்கிறாய், என்ன சொன்னார் என்று இல்லை. பரவாயில்லை என்றால் எவ்வளவு பரவாயில்லை? இந்தத் தடவை நீ "எப்போது வருகிறாய்" என்று கேட்கக்கூட இல்லை. கேட்டபோது எரிச்சலாக இருந்தது. கேட்காதபோது அதைவிட எரிச்சலாக இருக்கிறது. உடனே எழுது.

டீச்சரை இரண்டு வரி எழுதச் சொல்.

அன்புடன்
அக்கா

டிசம்பர் 9

என் அன்புத் தம்பிக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. ஆனால் நீ சொல்லாததை உன் புழுக்கள் சொல்லிவிட்டன.

இன்று காலை பெட்டியைத் திறந்தேன். ஒன்றுகூடத் தூங்கவில்லை. எல்லாம் கூடு கட்டி, உடைத்து, மஞ்சள் அந்துப்பூச்சிகளாக என் முகத்துக்கு நேரே பறந்தன. வெளியே ஜன்னல் விளிம்பில் பனி, உள்ளே உன் வீட்டு ஜன்னலில் மோதிய அதே பூச்சி. விளக்கு கெட்டுவிட்டதோ என்று பார்த்தேன். கெடவில்லை. பக்கத்துத் தட்டில் வடக்குப் புழுக்கள் அதே விளக்கில் சமர்த்தாகத் தூங்கிக்கொண்டிருந்தன.

அப்போதுதான் அந்தச் சின்னப் புழுக்கள் நினைவுக்கு வந்தன. அக்டோபரில் பழைய அடித்தண்டில் குட்டிப் புழு இருக்கவே முடியாது. அவை இளைத்த புழுக்கள் இல்லை. செப்டம்பரில் பறந்த பூச்சிகளின் பிள்ளைகள். பச்சைத் தண்டில்தான் வளர்ந்திருக்கும். கீழ்வயலில் எடுத்துவிட்டு மேல்வயல் என்று எழுதினாய். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க என்னிடமா பார்த்தாய்?

மரபணுவைப் பார்த்தோம். வடக்குப் புழுவில் இருக்கும் வடிவம் உன் புழுக்கள் ஒன்றிலும் இல்லை. அவற்றின் கடிகாரம் பழைய அட்டவணைக்கு ஒத்தே வரவில்லை. எந்தப் புழுவும் தன் கடிகாரத்தைத் தானே திருத்திக்கொள்வதில்லை, வண்டு. பிறந்தபடிதான் சாகிறது. உங்கள் ஊரில் குளிர் பின்வாங்கப் பின்வாங்க, சீக்கிரம் படுத்தவை ஒரு தலைமுறையை இழந்தன. தாமதமாகப் படுத்தவை இன்னொரு தலைமுறை பெற்றுப் பெருகின. வருடா வருடம் இப்படியே போய் அந்தப் பிள்ளைகள்தான் இப்போது ஊர் முழுக்க. அட்டவணையில் இருப்பவை அவற்றின் கொள்ளுப் பாட்டன்களுக்கும் முந்தியவை. அதைப் போட்டவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றே பல வருடமாகிறது. நான் உன்னிடம் ஒரு புழுவைக்கூடக் கேட்டுப் பார்க்காமல், அதை நம்பி விதை என்றேன். டீச்சர் பூச்சியையே கையில் பிடித்துக் காட்டியபோதும் இல்லை என்றேன்.

நான் விட்டுவந்த அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியே ஊர் நின்றுகொண்டிருக்கும் என்று நினைத்திருக்கிறேன். புழுவைப் பற்றி மட்டுமில்லை, உங்களைப் பற்றியும்தான். என்னை மன்னித்துவிடு. வயல் என்ன ஆயிற்று என்று ஒளிக்காமல் எழுது. இந்தக் கடிதத்தை டாக்டரிடம் காட்டு. தவறு உன் விவசாயத்தில் இல்லை, என் வாயில்.

உன் அக்கா

ஜனவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

இதை ஒரு சிமென்ட் கிடங்கின் வாசலில், ஸ்டியரிங் மேல் அட்டையை வைத்து எழுதுகிறேன். சரக்கு இறக்க இன்னும் நேரமாகும். உடம்புக்கு ஒன்றுமில்லை, இடுப்புதான் பழைய சிநேகிதத்தைப் புதுப்பித்துக்கொண்டது. நவம்பர் முதல் லாரியில் இருக்கிறேன். உன் கடிதங்கள் வீட்டில் கிடந்தன, போன வாரம்தான் படித்தேன். அதுதான் தாமதம், கோபம் இல்லை.

செப்டம்பர் கடைசியிலேயே கணுக்களில் மரத்தூள் மாதிரி கொட்டியிருந்தது. தண்டைப் பிளந்தால் உள்ளே புழு. நான்தான் நாலு நாள் நம்பாமல் இருந்தேன். காற்று அடித்தபோது சோளத்தட்டை ஒவ்வொன்றாக முறிந்து விழுந்தது. மிஞ்சியதை மாட்டுத் தீவனத்துக்கு வெட்டிவிட்டோம். பல் டாக்டர் வந்து பார்த்து, "பிடுங்கிடலாம்" என்றார். பல்லானாலும் பயிரானாலும் அவருக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அதுதான்.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை? நீ இப்படி மன்னிப்புக் கேட்பாய் என்று தெரியும். அதைத்தான் என்னால் தாங்க முடியாது. யானைக்கும் அடி சறுக்கும். நீ இருக்கிற இருப்புக்கு யானை என்று சொன்னால் யானை கோபித்துக்கொள்ளும், அது வேறு.

உன் கடிதத்தை டீச்சர் எடுத்துக்கொண்டு நேரே டாக்டரின் கிளினிக்குக்குப் போயிருக்கிறாள். முறை வந்ததும் நாற்காலியில் ஏறிப் படுத்து, வாயைத் திறக்காமல் கடிதத்தைத் திறந்து முழுக்க வாசித்தாளாம். அவர் கேட்டுவிட்டு, "உங்க நாத்தனார் நேர்ல வந்து, வயல்ல நின்னு, எப்போ விதைக்கணும்னு சொல்லட்டும். இன்னொரு வருஷம் பார்ப்போம்" என்றாராம். பகல் இன்னும் குறுகியபின் படுத்த முதிர்ந்த புழுக்கள், வயலில் விழுந்து கிடக்கும் தட்டைக்குள்தான் தூங்குகின்றன, எப்போது விழிக்கும், அதற்குள் தட்டையை என்ன செய்வது என்று நீதான் சொல்ல வேண்டும்.

இதை உன்னை வரவழைக்கிற தந்திரம் என்று நினைக்காதே. வயலுக்காக வர வேண்டாம். வயல் போனால் லாரி இருக்கிறது.

ஒன்று சொல்கிறேன், இத்தனை வருடம் சொன்னதில்லை. ஒன்றாம் வகுப்பிலேயே ஒருநாள் எனக்குக் காய்ச்சல். வீட்டில் படுத்திருந்தேன். பள்ளிக்கூடத்து மணி கணீரென்று கேட்டது. நான் இல்லாமலேயே அடித்தார்கள். பொய் என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. ஆனாலும் மறுநாள் ஓடினேன், அதற்கப்புறமும் ஓடினேன். பள்ளிக்கூட வாசலில் நீ நின்றுகொண்டு, நான் வரும் வழியைப் பார்த்துக்கொண்டிருப்பாயே, அதற்காக. "அக்கா சொன்னதெல்லாம் உண்மையா" என்று டீச்சர் கேட்ட கேள்விக்கு இதுதான் விடை. அவளுக்கும் இதையே சொன்னேன், மார்க் போட்டாள்.

விதை சாக்கில் இருக்கிறது. நீ வந்து வரப்பில் உட்கார்ந்தால்தான் இந்த வருடம் மணி அடிக்கும்.

உன்
வண்டு

ஜனவரி 21

என் வண்டுக்கு,

உன் கடிதத்தை ஆய்வகத்தில் வைத்துப் படித்தேன். அக்டோபர் பெட்டியின் கதவைத் திறந்து அதற்குள் தலையை விட்டுக்கொண்டு அழுதேன், யாரும் பார்க்கக் கூடாது என்று. எல்லோரும் பார்த்தார்கள்.

புழுக்களுக்குத் தீனி வைக்க ஆள் கிடைத்துவிட்டது. மூன்று வருடமும் கேட்டிருந்தால் கிடைத்திருக்கும், நான்தான் கேட்கவில்லை. பிப்ரவரி மூன்றாம் தேதி காலை வண்டியில் வருகிறேன். அதுவரை தட்டையில் கை வைக்காதே. வந்து நாமே பிளந்து எண்ணிவிட்டு, மிச்சத்தை நறுக்கி ஆழமாக உழுது புதைக்க வேண்டும், அவை விழிப்பதற்கு முன்னால். புது அட்டவணையின் முதல் வரி உன் கீழ்வயல்தான். டாக்டரிடம் நான் பேசிக்கொள்கிறேன். எனக்கும் ஒரு பல் ஆடுகிறது. இடுப்புக்குச் சூடு வை, டீச்சரை ஸ்டேஷனுக்கு வர வேண்டாம் என்று சொல், வந்தால் இருவரும் அழுவோம்.

நீ மட்டும் வா. வந்து வாசலில் நில்.

நான் இல்லாவிட்டாலும் மணி அடிக்கும் என்று எனக்கும் தெரியும், தம்பி. ஆனாலும் ஓடி வருகிறேன்.

உன் அக்கா